மெட்ரோமேனியா: யாப்புவெறியா, கவிதைப் பித்தா?

மெட்ரோமேனியா என்றதும் மெட்ரோ ரயில் நினைவுக்கு வரலாம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரயிலில் உள்ள 'மெட்ரோ', தாய்நகரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. இங்கே இருப்பது 'மெட்ரான்', அதாவது அளவு. செய்யுளின் அளவையும் அது குறிக்கும். 'மேனியா' என்றால் வெறி. ஆக, செய்யுள் எழுதாமல் இருக்கவே முடியாதவரின் நிலைதான் மெட்ரோமேனியா.

இந்தச் சொல்லைப் பிரபலமாக்கியது ஒரு நகைச்சுவை நாடகம். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சி பிரோன் எழுதிய 'லா மெட்ரோமனி' 1738இல் பாரிஸில் மேடையேறியது. பத்திரிகையில் கவிதை எழுதும் ஒரு பெண்ணை, முகம்கூடப் பார்க்காமல் காதலிக்கிறான் ஓர் இளங்கவிஞன். கடைசியில் பார்த்தால் அந்தப் 'பெண்', புனைபெயரில் எழுதும் ஒரு பெரியவர்! இதற்குப் பின்னால் உண்மைச் சம்பவமும் உண்டு. தெஃபோர்ஜ்-மையார் என்ற கவிஞரை அவருடைய சொந்தப் பெயரில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பெண் பெயரில் எழுதியதும் பாராட்டு குவிந்தது. புகழ்பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் வோல்த்தேரே ஏமாந்து அந்த 'அம்மணி'யைப் புகழ்ந்து கவிதை பாடிவிட்டார்.

இப்படிக் கேலியில் வளர்ந்த சொல் என்பதால் இதில் ஓர் ஏளனத் தொனி ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஆனால் கவிஞர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் கேலி செய்ய மனம் வராது. ரோமக் கவிஞர் ஓவிடை எடுத்துக்கொள்வோம். 'மகாகவி ஹோமரே சொத்து எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை, உனக்கு எதற்குக் கவிதை?' என்று அப்பா தடுத்தார். மகனும் அடங்கி உரைநடை எழுதப் பார்த்தார். எழுத எடுத்ததெல்லாம் தானாகச் செய்யுளாகவே வந்து நின்றது என்கிறார். கி.பி. 8இல் பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் கரையில் இருந்த தோமிஸுக்கு நாடு கடத்தினார். அதற்குக் காரணம் 'ஒரு கவிதையும் ஒரு பிழையும்' என்று அவரே எழுதியிருக்கிறார். குடியைக் கெடுத்ததே கவிதைதான்; சரி, இனியாவது விட்டாரா? அங்கே லத்தீன் தெரிந்தவர்கள் அரிது. வாசித்துக் காட்ட ஆளில்லாமல் எழுதுவது இருட்டில் ஆடுவது போல என்று புலம்பினார். அந்தப் புலம்பலையும் செய்யுளில்தான் எழுதினார்.

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கதை வேறு மாதிரி. அவரை யாரும் நாடு கடத்தவில்லை, அவரே வீட்டோடு ஒதுங்கிக்கொண்டார். சுமார் 1,800 கவிதைகள் எழுதினார். உயிரோடு இருந்தபோது அச்சானவை பத்து சொச்சம்தான். பலவற்றைத் தாள்களை மடித்து, நூலால் தைத்து வைத்திருந்தார். 1886இல் அவர் இறந்த பிறகே தங்கை கண்ணில் அந்தக் கட்டுகள் பட்டன. புகழாசை ஒன்றே காரணம் என்றால் இவரைப் புரிந்துகொள்ளவே முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? நேராகப் பெயர்த்தால் 'யாப்புவெறி'. வெறி என்பது இங்கே பொருத்தமான சொல்தான். சங்க இலக்கியத்தில் வேலன் என்னும் பூசாரி மேல் முருகன் இறங்கி ஆடுவது வெறியாட்டு. கவிஞர்மேல் கலைத்தெய்வம் இறங்குவதை கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவும் மேனியா என்றே குறித்தார். இருந்தாலும் இன்று வெறி என்றால் காதில் விழுவது மூர்க்கம். அதனால் என் ஓட்டு 'கவிதைப் பித்து'க்கு. இறைவனையே 'பித்தா' என்று அழைத்த சுந்தரரின் மொழி இது; பித்தில் பழிப்பும் உண்டு, பற்றும் உண்டு.

ஆனால் எல்லாக் கவிஞருக்கும் இதை ஒட்டிவிட முடியாது. 'நமக்குத் தொழில் கவிதை' என்ற பாரதி, அடுத்து 'இமைப்பொழுதும் சோராதிருத்தல்' என்றும் சேர்த்துக்கொண்டார். அது பித்து அல்ல, விழிப்பு. மனநல மருத்துவம் பேசும் மேனியாவும் வேறு. அது நோய், அந்த இடத்தில் கவிதைப் பித்து என்று எழுதக் கூடாது. பிரோனின் நாடகத்தைப் பற்றி எழுதும்போது மட்டும், அந்தக் கிண்டல் போய்விடாமல் இருக்க, யாப்புவெறி என்றே வைத்துக்கொள்ளலாம்.