அழற்சி: வீக்கமும் இல்லை, அலர்ஜியும் இல்லை

போன மாதம் அம்மாவுக்கு முழங்கால் வலி. டாக்டர் எழுதிய மாத்திரையை வாங்கும்போது, "இது எதுக்குத் தம்பி?" என்று மருந்துக் கடையில் கேட்டிருக்கிறார். "வீக்கத்துக்கும்மா, ராத்திரி சாப்பிட்டதும் போடுங்க" என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்து முழங்காலைத் தடவிப் பார்த்தவர், "எனக்குத்தான் வீக்கமே இல்லையே" என்று மாத்திரை அட்டையை அலமாரியில் வைத்துவிட்டார். மூன்று நாள் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. சீட்டில் இருந்தது ஆன்டி-இன்ஃப்ளமேட்டரி மருந்து. அந்தச் சொல்லை 'வீக்கத்துக்கு' என்று சுருக்கியதால் மூன்று நாள் வலி கூடுதலாக ஓடியது.

இன்ஃப்ளமேஷன் என்பதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: அழற்சி. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உண்டு, இலங்கைப் பாடநூல்களிலும் உண்டு. ஆனாலும் பேச்சில் ஏறவில்லை. அதற்கு ஒரு காரணம் அதன் ஒலி. அழற்சி என்று சொன்னால் பாதிப் பேர் அலர்ஜி என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதியது என்றே நினைப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் உறவே கிடையாது. அலர்ஜி என்பது வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே 1906-ல் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி உண்டாக்கிய சொல். உடம்பு வேறு விதமாக வினையாற்றுவது என்பது பொருள். அதற்குத் தமிழில் ஒவ்வாமை. ஒவ்வாமை வந்த இடத்தில் அழற்சியும் சேர்ந்து வரலாம். ஆனால் காலில் முள் குத்தினால் வரும் அழற்சிக்கு எந்த ஒவ்வாமையும் தேவையில்லை.

அழற்சியின் வேர் அழல். அழல் என்றால் தீ, வெப்பம். அழலுதல் என்றால் எரிதல். சுழல் சுழற்சி ஆகிறது, முயல் முயற்சி ஆகிறது, பயில் பயிற்சி ஆகிறது. அதே இலக்கணத்தில் அழல் அழற்சி ஆகிறது. அழுகலோடோ அழுகையோடோ இதைச் சேர்க்க வேண்டியதில்லை. லத்தீன் பக்கமும் இதே கதைதான். 'ஃப்ளாமா' என்றால் தீச்சுடர். அதிலிருந்து 'தீ மூட்டுதல்' என்ற பொருளில் வந்ததுதான் இன்ஃப்ளமேஷன். இந்தச் சொல்லைத் தமிழ் மருத்துவத்துக்கு எடுத்தாண்டவர்கள் 'வீங்கு' என்ற வேரைத் தொடாமல் 'அழல்' என்ற வேரைத் தொட்டார்களே, அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஏனென்றால் வீக்கம் என்பது கால் பங்குதான். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் இதற்கு நான்கு அறிகுறிகளை எழுதிவைத்தார்: சிவத்தல், வீங்குதல், சூடு, வலி. அந்த இடம் சரியாக இயங்காமல் போவது ஐந்தாவது அறிகுறியாகப் பின்னால் சேர்ந்தது. இந்த ஐந்தில் எது வெளியே தெரியும், எது தெரியாது என்பது இடத்தைப் பொறுத்தது. அம்மாவின் முழங்காலில் வலி மட்டும் தெரிந்தது. ஆங்கிலத்தில் 'ஐட்டிஸ்' என்று முடியும் நோய்ப் பெயர்கள் பெரும்பாலும் அழற்சியைத்தான் சொல்கின்றன. அப்பெண்டிசைட்டிஸ் குடல்வால் அழற்சி, ஹெபடைட்டிஸ் கல்லீரல் அழற்சி, ஆர்த்ரைட்டிஸ் மூட்டழற்சி. மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்வதும் கண்ணின் வெண்படல அழற்சியே.

சரி, அழற்சியின்போது உள்ளே என்ன நடக்கிறது? இதைக் கண்ணால் பார்த்தவர் ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகாஃப். 1882-ல் சிசிலித் தீவின் மெஸ்ஸினா ஊரில், கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சு ஒன்றில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலை பார்த்தால், முள்ளைச் சுற்றி ஊர்ந்து திரியும் செல்கள் மொய்த்துக் கிடந்தன. அழற்சி என்பது வெறும் கேடு இல்லை, உடம்பு நடத்தும் காவல் வேலை என்ற எண்ணம் அந்த முள்ளிலிருந்து வலுப்பெற்றது. 1908-ல் பால் எர்லிக்கோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வகைச் செல்களில் பெரியதுக்கு மேக்ரோஃபேஜ் என்று பெயர். கிரேக்கத்தில் 'பெருந்தீனிக்காரர்' என்பதுபோல. தமிழில் பெருவிழுங்கி. எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் இது ஒன்று. சொன்னதும் வேலை தெரிந்துவிடுகிறது.

பெருவிழுங்கிக்குள் என்எஃப் கப்பா பி என்று ஒரு புரதம் இருக்கிறது. 1986-ல் டேவிட் பால்டிமோர் ஆய்வகத்தில் ரஞ்சன் சென் கண்டறிந்தது. சாதாரண நேரத்தில் இதை இன்னொரு புரதம் கட்டிப்போட்டிருக்கும். கிருமியின் வாசனை பட்டதும் கட்டு சிதைந்துவிடும். விடுபட்ட புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய், அழற்சிக்கான மரபணுக்களை இயக்கிவிடும். டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைப் புரதங்கள் வெளியே கொட்டும். அக்கம்பக்கச் செல்களும் கிளர்ந்தெழும். தீ பரவுவது என்று சொன்னால் இந்த இடத்தில் அது உவமைக்கு மேலே போய்விடுகிறது.

'இந்த மூலிகைக்கு ஆன்டி-இன்ஃப்ளமேட்டரி குணம் உண்டு' என்று படிக்கிறோமே, அதன் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒரு பிளாஸ்டிக் தட்டு. உள்ளங்கை அளவுத் தட்டில் 96 சிறு குழிகள். குழிகளில் எலியின் பெருவிழுங்கிகளை வளர்ப்பார்கள். பாக்டீரியாவின் மேலுறைத் துண்டைப் போட்டு அவற்றைச் சீண்டுவார்கள். சீண்டப்பட்ட செல்கள் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடும். மறுநாள் மேலே நிற்கும் நீரை எடுத்து கிரீஸ் (Griess) என்ற சோதனைக் கரைசலைச் சேர்த்தால் சில நிமிடங்களில் இளஞ்சிவப்பு ஏறும். தாவரச் சாறு சேர்த்த குழிகளில் நிறம் வெளிறியிருந்தால், சாறு அழற்சியைக் குறைத்தது என்று கொள்வார்கள். இங்கே ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: செல்கள் அமைதியானதால் நிறம் குறைந்ததா, செத்துப்போனதால் குறைந்ததா? அதனால் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று தனிச் சோதனை ஒன்றும் வைப்பார்கள். அது வைக்காத ஆய்வை நம்ப வேண்டாம்.

இந்தத் தட்டில் புகழ்பெற்றது மஞ்சளின் குர்குமின். பெயரின் வழி நீளமானது. அரபியில் குர்கும், வடமொழியில் குங்குமம். இரண்டும் குங்குமப்பூவையும் குறித்த சொற்கள். அந்தக் குர்கும்தான் லத்தீனில் மஞ்சள் செடியின் பெயரானது. 1815-ல் பிரான்சில் வோகலும் பெல்லத்தியேவும் மஞ்சளிலிருந்து இந்த நிறப்பொருளைப் பிரித்தார்கள். தட்டில் குர்குமின் என்எஃப் கப்பா பி-யின் கட்டு சிதையாமல் தடுக்கிறது என்று 1995-ல் காட்டினார்கள். தட்டில் சரி, உடம்பில்? மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்குதான். அதையும் விழுங்கினால் குடலும் கல்லீரலும் மாற்றி வெளியேற்றிவிடும். இரத்தத்தில் சேர்வது சொற்பம். 1998-ல் பெங்களூரில் செய்த ஆய்வில் இரண்டு கிராம் குர்குமினோடு, மிளகில் உள்ள பைப்பரின் என்ற பொருளை 20 மில்லிகிராம் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்வது பல மடங்கு கூடியது. மிளகு ரசத்துக்குச் சான்று என்று இதைப் பலர் பகிர்கிறார்கள். இரண்டு கிராம் குர்குமினுக்கு அறுபது எழுபது கிராம் மஞ்சள்தூள் வேண்டும். எந்த ரசத்திலும் அவ்வளவு போட முடியாது. ரசத்தை ரசமாகக் குடிப்போம்.

மஞ்சளை விட எனக்கு வியப்பு தருவது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர், ஈழத்தில் கார்த்திகைப்பூ, கொங்கு விவசாயிக்குக் கண்வலிக்கிழங்கு. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதைக் கம்பிப் பந்தலில் ஏற்றி விதைக்காகப் பயிரிடுகிறார்கள். காலையில் வரிசை வரிசையாக நடந்து, மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் கையாலேயே தொட்டு வைப்பார்கள். திருமுருகாற்றுப்படை முருகனின் தலைமாலையை 'சுரும்பும் மூசாச் சுடர்ப்பூங்காந்தள்' என்கிறது: வண்டும் மொய்க்காத, சுடர்போன்ற பூ. அந்த வயலில் நிற்கும்போது இந்த வரி நினைவுக்கு வராமல் இருக்காது.

அந்த விதையிலிருந்து எடுப்பது கோல்சிசின் என்ற மருந்து. கருங்கடலின் கிழக்குக் கரையில் இருந்த கோல்கிஸ் என்ற பழைய நாட்டின் பெயரை, காந்தளின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி வாங்கிக்கொண்டது. செடியிலிருந்து மருந்துக்குப் பெயர் வந்தது. அந்தச் செடியிலிருந்து இதை 1820-ல் முதலில் பிரித்தவர்களில் ஒருவர், மஞ்சளில் கண்ட அதே பெல்லத்தியே. கௌட் என்ற மூட்டு நோயில், யூரிக் அமிலப் படிகங்கள் கால் பெருவிரல் மூட்டில் சேரும்போது நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் அங்கே பாய்ந்து வருகின்றன. அவை ஊர்ந்து வருவதற்குச் செல்லுக்குள் நுண்குழல்கள் வேண்டும். கோல்சிசின் அந்தக் குழல்கள் கட்டப்படாமல் தடுக்கிறது. வெள்ளையணு வந்து சேரவில்லை, வலி அடங்குகிறது. 2023-ல் அமெரிக்காவில் 0.5 மில்லிகிராம் அளவில் இதய நோயாளிகளுக்கும் இதற்கு அனுமதி கிடைத்தது. அளவு கொஞ்சம் மீறினாலும் இது ஆளைக் கொல்லும். கிழங்கையோ விதையையோ வீட்டில் யாரும் தொட்டுப் பார்க்கக் கூடாது.

இப்போது ஆன்டி-இன்ஃப்ளமேட்டரிக்கு வருவோம். 'அழற்சி எதிர்ப்பு' என்று எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் எதிர்க்க வேண்டியது கிருமியை. அழற்சி நம்முடைய காவல். அளவு மீறும்போது அதைத் தணிக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழில் தாகம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது, சினம் தணிகிறது. முருகன் சினம் தணிந்த இடம் என்றுதானே திருத்தணிக்குப் பெயர்க்காரணம் சொல்கிறார்கள். ஆகவே 'அழற்சி தணிப்பி' என்பதே என் தேர்வு. அம்மாவிடம் கலைச்சொல்லைச் சொல்லவில்லை. "மூட்டுக்குள்ளே கனன்றுகிட்டு இருக்கும்மா, அதைத் தணிக்கிற மாத்திரை" என்றேன். அன்று இரவே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

தணிவு என்ற சொல்லுக்கு இன்னொரு வேலையும் கொடுக்கலாம். முள் வெளியே வந்தபின் அழற்சி தானாக ஓய்வதையும் இப்போது தனித் துறையாக ஆராய்கிறார்கள். ஆங்கிலத்தில் ரெசல்யூஷன் என்பார்கள். அழற்சித் தணிவு என்று எழுதினால் பொருந்துகிறது. அப்போது வேலை முடிந்த நியூட்ரோஃபில்கள் இறந்து விழ, அவற்றை விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்வதும் அதே பெருவிழுங்கிதான்.