றேடியேற்றரைக் ‘கதிர்வீசி’ ஆக்காதீர்கள்

வாகனப் பராமரிப்பைத் தமிழில் எழுதுகிறவர்கள், எஞ்சினில் ஓடும் தண்ணீரின் சூட்டை இறக்கும் றேடியேற்றரைக் ‘கதிர்வீசி’ என்று எழுதுவது வழக்கமாகி வருகிறது. பயிற்சிக் குறிப்புகளில் ‘கதிர்வீசியின் மூடியைத் திறக்கவும்’. கையேட்டு மொழிபெயர்ப்புகளில் ‘கதிர்வீசியைச் சுத்தம் செய்யவும்’. வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியோரக் கராச்சுகளில் வேலை செய்கிறவர்களின் வாயில் அது றேடியேற்றர்தான். அதில் குற்றமில்லை. தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு பிழையான சொல்லைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் குற்றம். தன் வாகனத்தைத் தானே திறந்து பார்த்துப் பழகும் பிள்ளை அந்தச் சொல்லை நம்பித்தான் அந்தப் பொருளை விளங்கிக்கொள்கிறது.

சொல்லின் வேர் சுருக்கமானது. இலத்தீனில் ‘ராடியுஸ்’ என்றால் சில்லின் ஆரக்கால். அதுவே ஒளிக்கதிருக்கும் ஆயிற்று. கதிர் வீசுதல் என்ற வினை அதிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் இரும்புக் குழாய்த் தொகுதிக்கு றேடியேற்றர் என்ற பெயர் ஒட்டி, பிறகு மோட்டார் வாகனத்துக்கும் தாவியது. 1886இல் வந்த பென்ஸ் வண்டியில் இந்த உறுப்பு இல்லை. தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும், திரும்ப ஊற்ற வேண்டும். தேன்வதை போன்ற றேடியேற்றரை வில்ஹெல்ம் மைபாக் 1900இன் இறுதியில் மெர்செடிஸ் 35 குதிரைவலு வண்டிக்கு அமைத்தார். 6 மி.மீ. சதுர வாயுள்ள 8,070 சிறு குழாய்கள் அதில் இருந்தன. செருமானியர் தம் மொழியில் அதை அழைப்பது ‘கியூலர்’ என்று. சூட்டைத் தணிப்பது என்பதே அதன் பொருள். கதிருக்கு அந்தப் பெயரில் இடமே இல்லை.

நமது விஞ்ஞானப் பாடநூல் வெப்பம் இடம்பெயரும் வழிகளை மூன்றாகப் பிரிக்கிறது: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். கதிர்வீசலுக்கு ஊடகம் தேவையில்லை என்பதைப் பாடசாலைப் பிள்ளையும் சொல்லும். றேடியேற்றரில் நடப்பதைப் பாருங்கள். எஞ்சினில் சூடேறிய தண்ணீர் சிறு குழாய்களுக்குள் ஓடுகிறது. வெப்பம் குழாயின் உலோகத்தையும் அதில் ஒட்டிய மெல்லிய தகடுகளான ஃபின்களையும் கடந்து வெளியே வருகிறது. அங்கே ஓடும் காற்று அதை அள்ளிக்கொண்டு போகிறது. கடத்தலும் மேற்காவுகையும்தான் இங்கே வேலை செய்கின்றன.

கதிர்வீசல் இல்லவே இல்லையா என்றால், உண்டு. கணக்குப் பார்க்கலாம். மேற்பரப்பு 90 பாகை செல்சியஸ், வெளி 30 பாகை என்று வைத்துக்கொண்டால், முழுக் கறுப்பான பரப்புக்கூடச் சதுர மீற்றருக்கு 500 வாற்று அளவில்தான் வீசும். சிறிய காரின் றேடியேற்றருக்கு ஒரு முகம் கால் சதுர மீற்றர், இரண்டு முகமும் சேர்த்து அரை. ஆக 250 வாற்று. உள்ளே அடுக்கியிருக்கும் ஃபின்கள் ஒன்றையொன்று முகம் பார்த்து நிற்பதால் அவை வீசுவதை அவையே வாங்கிக்கொள்கின்றன. அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. அந்தக் கார் நல்ல வேகத்தில் ஓடும்போது தண்ணீர் வழியாகக் கழிக்க வேண்டிய வெப்பமோ பத்து, பதினைந்து கிலோவாற்று. நூற்றில் இரண்டு பங்கு செய்கிற வேலையைப் பெயராக வைத்து, மீதித் தொண்ணூற்றெட்டை மறைப்பது என்ன மொழிபெயர்ப்பு?

பெயர் பிழைத்தால் பழுது பார்ப்பதும் பிழைக்கும். கதிர் வீசுகிற பெட்டி என்று நம்புகிறவருக்கு அதன் முன்னால் அடைந்திருக்கும் வைக்கோல் தூசி பெரிய விடயமாகத் தெரியாது. காலபோக அறுவடை முடியும் தை, மாசியில் வயலுக்குள் இறங்கி ஏறிய உழவு இயந்திரத்தின் முகப்பைக் கழற்றிப் பாருங்கள்: பதரும் தூசியும் ஃபின்களுக்கிடையில் பாய் விரித்ததுபோல் அடைத்திருக்கும். காற்றுப் போகாவிட்டால் எஞ்சின் கொதிக்கும். அதைக் கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளேதான் இறுகும். சேர்விஸ் நிலையத்தின் அழுத்தக் குழாயை நெருக்கிப் பிடித்தால் ஃபின்கள் மடிந்துவிடும். தோட்டத்து ஹோஸ் போதும்.

கொதிக்கும் வாகனத்தில் பழுதைத் தேடும்போதும் இதே விளக்கம்தான் கைகொடுக்கும். நிற்கும்போது வெப்பம் காட்டும் முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் குறை காற்றில் இருக்கிறது: ஃபான் மோட்டர், அதன் ஃபியூஸ், ரிலே, வெப்பச் சுவிச், பழைய வாகனமென்றால் ஃபான் பெல்ற். நிற்கும்போது அடங்கியிருந்து, பாரத்தோடும் வேகத்தோடும் ஓடும்போது ஏறினால் பெரும்பாலும் தண்ணீர் ஓட்டத்தில் குறை: உள்ளே படிவு, உறிஞ்சி ஒட்டிப்போகும் கீழ் ஹோஸ், தேய்ந்த வோட்டர் பம்ப். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்தே கிடந்தால், சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தேமொஸ்ரற் திறக்கவில்லை அல்லது குழாய்கள் அடைபட்டுவிட்டன. காற்றும் நீரும் சரியாக ஓடுகின்றனவா என்பதே கேள்வி. ‘கதிர்வீசி’ என்ற பெயரில் அந்த இரண்டுமே இல்லை.

இன்னும் ஒன்று. வன்னியில் கதிர் என்றால் முதலில் மனதில் வருவது நெற்கதிர். அறுவடை இயந்திரத்தின் கையேட்டில் ‘கதிர்வீசி’ என்று வந்தால், கதிரை எறியும் ஏதோ ஓர் உறுப்பு என்று வாசிக்கிறவர் எடுத்தால் அது அவருடைய பிழையா? கதிர்வீச்சு என்றாலோ இன்று புற்றுநோய்ச் சிகிச்சையும் அணு உலையும்தான் நினைவு. இரண்டு பக்கத்தாலும் சொல் தவறான இடத்துக்கே இழுத்துக்கொண்டு போகிறது.

இதைக் கண்டு சிலர் ‘குளிர்விப்பான்’ என்றார்கள். கதிர்வீசியை விட இது மேல் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனாலும் இதை ஏற்க முடியாது. எஞ்சின் குளிரக் கூடாது! எஞ்சினுக்கு வேண்டியது 85 முதல் 95 பாகை வரையான சூடு. அந்தச் சூட்டில்தான் எரிபொருள் ஒழுங்காக ஆவியாகி எரியும், ஒயில் சரியான நெகிழ்வுக்கு வரும், ஒயிலில் சேரும் ஈரம் வெளியேறும். தேமொஸ்ரற் இருப்பதே எஞ்சினைக் குளிர விடாமல் காப்பதற்குத்தான். 82 பாகை என்று பொறித்திருந்தால் அந்தச் சூடு வரும்வரை அது றேடியேற்றருக்குப் போகும் வழியை அடைத்து வைத்திருக்கும்.

‘நமது ஊர் வெக்கைக்கு இது தேவையில்லை’ என்று தேமொஸ்ரற்றைக் கழற்றி எறியும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணமே அதற்குக் காரணம். ‘குளிர்விப்பான்’ அந்த எண்ணத்துக்குத் தண்ணீர் வார்க்கிறது. தேமொஸ்ரற் இல்லாத எஞ்சின் சூடேற நேரமெடுக்கும், எரிபொருள் கூடக் குடிக்கும், ஒயில் களியாகும், சிலிண்டர் வேளைக்கே தேயும். தேமொஸ்ரற் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடும் அமைப்புள்ள எஞ்சின்களில், அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றருக்குப் போகாமலே சுற்றும். குளிரட்டும் என்று செய்தது கொதிப்பில் முடியும். சந்தேகமென்றால் கழற்றி எறிய முன் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, வெப்பமானியோடு அதை நூலில் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். பொறித்த பாகையில் வாய் திறந்து, ஆறும்போது மூடினால் அது நல்லது.

‘குளிரூட்டி’ இதைவிட மோசம். எஞ்சினுக்குள் ஓடும் நீர்மமான கூலன்ற்றுக்கும் குளிரூட்டி, ஏசிக்கும் குளிரூட்டி, ஏசிக்குள் ஓடும் வாயுவுக்கும் குளிரூட்டி! ‘குளிரூட்டி குறைந்துவிட்டது’ என்று எழுதியதைப் படிப்பவர் ஏசி திருத்துபவரைத் தேடிப் போவார். அதற்குள் எஞ்சின் கொதித்து, அதன் மேற்பகுதியான ஹெட் வளைந்துவிடும், ஹெட் காஸ்கற் போய்விடும்.

தமிழில் இதற்கு அடுப்படியிலேயே சொல் இருக்கிறது. தேத்தண்ணியை என்ன செய்கிறோம்? ஆற்றுகிறோம். இரண்டு பாத்திரத்துக்கிடையில் தூக்கி ஊற்றி, மெல்லிய தாரையாக்கி, காற்றுப் படவிட்டு, குடிக்கும் சூட்டுக்குக் கொண்டுவருகிறோம். யாரும் தேத்தண்ணியைக் குளிர்விப்பதில்லை. ஆறிப்போனால் சூடாக்கிக் கேட்போம். சுடுநீரைச் சிறு சிறு ஓடைகளாகப் பிரித்துக் காற்றிடம் காட்டி, வேண்டிய அளவுக்கு மட்டும் சூட்டை இறக்குவது: றேடியேற்றர் செய்வதும் அச்சொட்டாக இதுதான். எனவே அது நீராற்றி.

‘சூடாற்றி’ என்பதையும் எண்ணிப் பார்க்கலாம், ஆனால் வன்னியில் அது பொருந்தாது. இங்கே சூடு என்பது அறுத்துக் குவித்த நெல்லும்தான். சூடு வைப்பதும் சூடடிப்பதும் அன்றாடப் பேச்சு. ‘வெப்பமாற்றி’ பிழையில்லை, ஆனால் அது ஓர் இனத்தின் பொதுப்பெயர்.

நீராற்றிக்கு ஒரு மறுப்பு வரும்: ஆற்றுதல் என்றால் செய்தல் என்றும் பொருளுண்டே, உரையாற்றுகிறோம், பணியாற்றுகிறோம் என்பார்கள். உண்மை. ஆனால் உரையையும் பணியையும் செய்யலாம். நீரைச் செய்ய முடியாது. முன்னால் நிற்கும் சொல்லே பொருளைத் தெளிவாக்கிவிடுகிறது. ஒயில் கூலருக்கு எண்ணெயாற்றி, டேர்போ எஞ்சின்களில் அமுக்கிய காற்றின் சூட்டை இறக்கும் இன்டர்கூலருக்கு வளியாற்றி என்று ஒரு குடும்பமே இதிலிருந்து பிறக்கும். கதிர்வீசியிலிருந்து எதைப் பிறப்பிப்பது? இன்டர்கூலரை இடைக்கதிர்வீசி என்பதா?

சொல்லின் எல்லையும் இதில் துலங்குகிறது. திறந்த தண்ணீர்த் தொட்டியை எஞ்சினின் தலைமேல் சுமக்கும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் உண்டு. இருசில்லு உழவு இயந்திரங்களான லான்ட்மாஸ்டர்கள் சிலவற்றில் பார்க்கலாம். அங்கே தண்ணீரை யாரும் ஆற்றுவதில்லை. அது கொதித்து ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோகிறது, குறையக் குறைய ஊற்றுகிறோம். அதை நீராற்றி என்று சொல்லக் கூடாது. தொட்டி என்றால் போதும்.

புதுச்சொல் வன்னிக்குப் புதிதல்ல. வெதுப்பகமும் (பேக்கரி) உந்துருளியும் (மோட்டார் சைக்கிள்) இங்கே பெயர்ப் பலகையில் ஏறி, பேச்சிலும் இறங்கிய சொற்கள். அவை நின்றது ஏன்? வெதுப்புவதைப் பார்த்து ஒன்றையும், உந்தி உருள்வதைப் பார்த்து மற்றதையும் ஆக்கினார்கள். பொருளைப் பார்த்தார்கள். இன்றைய மொழிபெயர்ப்பாளர் பலர் பொருளைப் பார்ப்பதே இல்லை. ஆங்கிலச் சொல்லைப் பார்க்கிறார்கள், அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுக்கிறார்கள். பிறேக் குழாயில் அடைபட்ட காற்றை வெளியேற்றுவதை ஆங்கிலத்தில் இரத்தம் வடிப்பதற்குரிய சொல்லால் சொல்வார்கள். அதைக் குருதியோடு பெயர்த்தால் யாருக்குப் புரியும்? நமது மெக்கானிக் ‘எயர் எடுக்கிறது’ என்கிறார். பாதி ஆங்கிலம்தான், ஆனால் நடக்கும் காரியம் அதில் இருக்கிறது. தூய தமிழ் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. அந்தத் தூய சொல்லை ஆக்குகிறவர் ஒருநாளாவது கராச்சில் நின்று, கழற்றிய பொருளைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘மூடியைத் திறக்கவும்’ என்று எழுதுகிறவர்கள் எப்போது என்று எழுதுவதில்லை. யப்பான் வாகன மூடிகளில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். அது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலாக மூடி தாங்கும் அழுத்தம், சதுர சென்ரிமீற்றருக்குக் கிலோகிராமில். 0.9 அழுத்தத்தில் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 118 பாகையில்தான் கொதிக்கும். சூட்டோடு திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் விழுந்து, உள்ளே உள்ளது அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்க முடியாதா? மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமத்திப் பார்த்து, இறுக்கம் போன பிறகே திறக்க வேண்டும். ஆறிய பிறகு ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடந்தால், மூடியின் நடுவிலுள்ள சிறு வால்வு இறுகிவிட்டது, மூடியை மாற்றுங்கள்.

இனிக் கூலன்ற். ‘ஆற்றுநீர்’ என்று வைக்கலாமா என்றால், முடியாது; வாசிக்கிறவர் ஆற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றிவிடுவார். எஞ்சினிலிருந்து வெப்பத்தைக் காவிக்கொண்டு வருவது அதன் வேலை. காவுதல் நம் பேச்சிலும் உண்டு, மேற்காவுகை என்று பாடநூலிலும் உண்டு. ஆகவே வெப்பங்காவி. குளிர் என்ற சொல்லே வேண்டியதில்லை.

கிணற்று நீர் வெப்பங்காவி ஆகாது. இங்கே பல இடங்களில் கிணறு வன்னீர். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு நீராற்றியின் குழாய்க்குள்ளும் படியும், அங்கே சுரண்ட வழியில்லை. படிந்துவிட்டால், பழையதை வடித்து, லீற்றருக்கு 40 முதல் 50 கிராம் சிற்றிக் அமிலம் கரைத்து நிரப்பி, எஞ்சினைச் சூடாக்கி 15, 20 நிமிடம் ஓடவிட்டு, ஆறிய பின் வடித்து, தெளிந்த நீரால் மூன்று நான்கு தடவை அலச வேண்டும். கோஸ்ரிக் சோடாவும் ஐதரோகுளோரிக் அமிலமும் அலுமினியத்தைத் தின்றுவிடும். கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. பிறகு எதிலீன் கிளைக்கோல் வெப்பங்காவியும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி. இங்கே உறைபனி இல்லையே என்று அதைத் தவிர்க்காதீர்கள்: அது கொதிநிலையைக் கூட்டும், அதில் சேர்த்த மருந்து உலோகம் அரிபடாமல் காக்கும். வடித்த நீர் கிடைக்காத அவசரத்தில் கிணற்றை விட, கூரை கழுவிப்போன பிறகு பிடித்த மழைநீர் எவ்வளவோ மேல்.