அல்பேர்ட்டாக் காசு கியூபெக்குக்குப் போகிறதா?

போன கோடையில் அல்பேர்ட்டா மாகாணத்துக் கல்கரியில் மச்சான் வீட்டில் நின்றபோது ஒரு கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். 20 டொலர் சாப்பாட்டுக்கு 21 டொலர் பில் வந்தது. ஸ்காபரோவில் அதே சாப்பாட்டுக்கு 22 டொலர் 60 சதம் கட்டியிருப்பேன். ஸ்காபரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் விற்பனை வரி 13%. அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரியே கிடையாது, ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசின் 5% மட்டும்தான். "குடுத்து வைச்ச ஆக்கள் நீங்கள்" என்றேன். மச்சானுக்கு அது பிடிக்கவில்லை. "என்னத்தைக் குடுத்து வைச்சது? எங்கட காசை ஒட்டாவா எடுத்துக் கியூபெக்குக்கெல்லோ குடுக்குது!" என்றான்.

கல்கரியில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்த வசனம் ஒருமுறையாவது வந்து விழும். கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் காசு போகிற வழியைத்தான் பிழையாகச் சொல்கிறார்கள். சமஷ்டி (கூட்டாட்சி) என்ற சொல்லை ஊரில் அரசியல் மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்கென்று ஒரு கணக்குக் கொப்பி உண்டு என்பதும், சண்டை முழுக்க அந்தக் கொப்பிக்குள்தான் நடக்கிறது என்பதும் கனடா வந்த பிறகுதான் தெரிந்தது.

முதலில் வழியைப் பார்ப்போம். அல்பேர்ட்டா அரசு கியூபெக் அரசுக்கு ஒரு சதம் காசோலை எழுதுவதில்லை. வருடம் 1,00,000 டொலர் உழைக்கிற ஒருவர் கல்கரியில் இருந்தாலும் ஹலிஃபக்ஸில் இருந்தாலும் மத்திய அரசின் வருமான வரி வீதம் ஒன்றுதான். அந்த வரி, 5% விற்பனை வரி, கம்பனிகளின் வரி எல்லாம் ஒட்டாவாவின் பொதுப் பெட்டிக்குள் போகின்றன. படைக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் காசு எடுக்கிற அதே பெட்டியிலிருந்துதான் 'சமப்படுத்தல் கொடுப்பனவு' என்று ஒரு தொகை சில மாகாண அரசுகளுக்குப் போகிறது. அல்பேர்ட்டாவில் சம்பளம் கூட, இளம் ஆட்களும் கூட. அதனால் அங்கிருந்து பெட்டிக்குள் தலைக்கு அதிகமாகப் போகிறது, திரும்பி வருவது குறைவு. மச்சானின் கோபம் இங்கேதான் நிற்கிறது. ஆனால் சமப்படுத்தல் என்ற திட்டத்தை நாளைக்கே நிறுத்தினாலும் அவனுடைய வரிப் பத்திரத்தில் ஒரு வரிகூட மாறாது. ஒட்டாவா தானாக வரியைக் குறைத்தால்தான் மாறும்.

திட்டத்தின் நோக்கம் 1982 அரசியலமைப்பின் 36(2) ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு மாகாணத்து மக்கள், மற்ற மாகாணத்தவர் கட்டுகிற அளவுக்கு ஓரளவு ஒத்த வரியைக் கட்டினால், ஓரளவு ஒத்த தரத்தில் அரச சேவை அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அதற்குப் போதிய வருமானம் மாகாண அரசிடம் இருக்க வேண்டும். சாரம் இவ்வளவுதான். எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று அரசியலமைப்பு வாயே திறக்கவில்லை. அது சாதாரணச் சட்டத்தில் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். கனடா அளப்பது ஒரு மாகாணம் எவ்வளவு வரி திரட்டியது என்பதை அல்ல, எவ்வளவு திரட்டியிருக்க முடியும் என்பதை. வரித் திறன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரட்டிய காசை அளந்தால், வரியைக் குறைத்துவிட்டு "எங்களிடம் காசில்லை" என்று எந்த மாகாணமும் கையேந்தலாம் அல்லவா?

கொத்து ரொட்டி பில்லையே எடுங்கள். விளக்கத்துக்காக நான் போடும் எண்கள் இவை: பத்து மாகாணங்களிலும் சேர்த்துப் பார்த்தால் மாகாண விற்பனை வரியின் சராசரி வீதம் 8% என்று இருக்கட்டும். அல்பேர்ட்டாவில் ஒரு ஆள் வருடம் 25,000 டொலருக்கு வரிக்குரிய பொருள் வாங்குகிறார். அல்பேர்ட்டா அதில் மாகாண வரியாகத் திரட்டியது பூச்சியம். கணக்கிலோ தலைக்கு 2,000 டொலர் திரட்டியதாகப் பதிவாகும். நோவா ஸ்கோஷியாவில் ஒரு ஆள் 20,000 டொலருக்கு வாங்கினால் 1,600 டொலர் என்று பதிவாகும், அங்கே உண்மையில் என்ன வீதம் இருந்தாலும் சரி. மச்சான் கட்டாமல் விட்ட வரியும் கொப்பியில் ஏறித்தான் இருக்கிறது.

தனியாள் வருமானம், கம்பனி வருமானம், விற்பனை, வீடு வளவு ஆகிய நான்கையும் இந்த மாதிரித்தான் அளக்கிறார்கள். ஐந்தாவதான இயற்கை வளத்துக்கு மட்டும் உண்மையில் வந்த வருமானத்தையே எடுக்கிறார்கள். ஐந்தையும் கூட்டினால் தலைக்கு இவ்வளவு என்று ஒரு எண் வரும். ஒரு மாகாணத்துக்கு 9,000 டொலர் வந்து, பத்து மாகாணச் சராசரி 10,500 என்றால் குறை 1,500. மாகாணத்தில் பத்து லட்சம் பேர் இருந்தால் 1.5 பில்லியன் டொலர் கிடைக்கும். சராசரிக்கு மேலே நிற்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. அவரிடமிருந்து ஒன்றும் பிடுங்கப்படுவதுமில்லை. பள்ளத்தை நிரப்புகிறார்கள், மேட்டை வெட்டுவதில்லை.

ஒரு வருடத்துத் திடீர் ஏற்ற இறக்கம் கணக்கைக் குழப்பாதிருக்க மூன்று வருட எண்களைச் சேர்த்து எடுக்கிறார்கள், அதுவும் இரண்டு வருடம் பிந்தியவை. 2014 இன் இறுதியில் எண்ணெய் விலை விழுந்து கல்கரியில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனபோதும் அல்பேர்ட்டாவுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. சூத்திரம் பிந்தியதால் மட்டுமல்ல. விழுந்த பிறகும் அல்பேர்ட்டாவின் வரித் திறன் சராசரிக்கு மேலேதான் நின்றது. சூத்திரம் உயரத்தைப் பார்க்கும், விழுந்த தூரத்தைப் பார்க்காது. விழுந்த தூரத்துக்கு வேறொரு திட்டம் இருந்தது. அதில் ஆளுக்கு 60 டொலருக்கு மேல் கிடையாது என்று பல வருடங்களாக ஒரு வரம்பு கிடந்தது. 2020 இல்தான் 170 டொலர் அளவுக்கு உயர்த்தினார்கள். மச்சானுக்கு வேலை போனது எண்ணெய் விலை விழுந்த அந்த நாட்களில்தான். அவனிடம் நான் சூத்திரத்தை விளக்கப் போகவில்லை.

எந்தச் சராசரியோடு ஒப்பிடுவது என்பதிலும் பெரிய கதை இருக்கிறது. திட்டம் 1957 இல் தொடங்கியபோது ஆகப் பணக்கார இரண்டு மாகாணங்களின் சராசரிதான் அளவுகோல். அப்போது ஒன்ராறியோவைத் தவிர எல்லா மாகாணத்துக்கும் காசு போனது. ஆம், அல்பேர்ட்டாவுக்கும்தான்; 1960களின் நடுப்பகுதிவரை அது வாங்கிக்கொண்டிருந்தது. பிறகு 1973 இல் எண்ணெய் விலை ஏறியதும் ஒட்டாவாவுக்குத் தலையிடி தொடங்கியது. நிலத்தடி வளம் மாகாணத்தின் சொத்து. எண்ணெய் எடுக்கும் கம்பனிகள் மாகாணத்துக்குக் கட்டும் உரிமைத் தொகையில் மத்திய அரசு வரி எடுக்க முடியாது. ஆனால் அதையும் சேர்த்துச் சராசரி போட்டால் சராசரி வானத்துக்குப் போகும், மற்ற மாகாணங்களின் பள்ளமும் பெருக்கும், நிரப்ப வேண்டியது ஒட்டாவா. தன் கைக்கு வராத காசுக்குத் தான் ஈடு கட்ட வேண்டும்.

இதன் உச்சமாக, 1970களின் பிற்பகுதியில் கணக்கின்படி ஒன்ராறியோவே ஏழை மாகாணமாகிவிட்டது. நாட்டின் தொழிற்சாலையெல்லாம் இருக்கும் ஒன்ராறியோ! அதைத் தடுக்க, சராசரியைவிடத் தனியாள் வருமானம் கூடிய மாகாணத்துக்குக் கொடுப்பதில்லை என்று பின்தேதியிட்டு ஒரு விதி போட்டார்கள். 1982 இல் அளவுகோலையே மாற்றினார்கள். ஒன்ராறியோ, கியூபெக், மனிட்டோபா, சஸ்காட்சுவான், பிரிட்டிஷ் கொலம்பியா ஆகிய ஐந்தின் சராசரி. அல்பேர்ட்டாவும் இல்லை, நான்கு அட்லாண்டிக் மாகாணங்களும் இல்லை. வகுப்பில் ஆக உயர்ந்த பிள்ளையையும் ஆகக் கட்டையான பிள்ளைகளையும் வெளியே அனுப்பிவிட்டுச் சராசரி உயரம் எடுத்த மாதிரி. இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் ஓடியது.

இந்தச் சண்டையை ஒரே படத்தில் காட்டச் சொன்னால் 2004 டிசம்பரைக் காட்டுவேன். நியூபவுண்ட்லாந்து அப்போது ஏழை மாகாணம். கடலில் எண்ணெய் கிடைத்து, ஹைபேர்னியா வயலில் 1997 இலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்க் காசு வர வர, சூத்திரத்தின்படி சமப்படுத்தல் காசு குறைந்துகொண்டே போனது. இந்தக் கையில் வருவதை அந்தக் கையால் பறிக்கிறார்கள் என்று முதல்வர் டானி வில்லியம்ஸ் கொதித்தார். நத்தாருக்கு இரண்டு நாள் முன்னர், மாகாண அரசுக் கட்டடங்களில் பறந்த கனடாக் கொடிகளை இறக்கச் சொல்லிவிட்டார். அடுத்த மாதமே ஒட்டாவா தனி உடன்படிக்கைக்கு இறங்கி வந்தது.

கொடியை விட்டுவிட்டு அதன் அடியில் இருந்த கேள்வியைப் பாருங்கள். புதிதாக உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் உதவியில் பெரும் பங்கு குறையும் என்றால் எந்த அரசு கஷ்டப்பட்டுக் கிணறு தோண்டும்? அதே நேரம், எண்ணெய்க் காசைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், எண்ணெயில் புரளும் மாகாணம் ஏழை வேஷத்தில் வந்து காசு வாங்கும். இரண்டு வாதமும் சரிதான். 2007 இல் கிடைத்த விடை, உள்ளூர்ப் பஞ்சாயத்துக்காரர் சொல்வது போன்றது: பாதியை எடுங்கள். வள வருமானத்தில் 50% சேர்த்து ஒரு கணக்கு, சேர்க்காமல் ஒரு கணக்கு; எதில் கூடக் கிடைக்கிறதோ அது மாகாணத்துக்கு. ஆனால் உதவி வாங்கிய பிறகு, உதவி வாங்காத மாகாணத்தைவிட வசதியாகிவிடக் கூடாது என்று மேலே ஒரு மூடி. அளவுகோலும் பத்து மாகாணச் சராசரியாக மாறியது. ஏன் 50%? ஏன் 40 இல்லை, 60 இல்லை? பொருளியலில் இதற்கு விடை கிடையாது. நான் தேடிப் பார்த்தேன்.

நீர்மின்சாரம் இன்னொரு ஓட்டை. கியூபெக்கின் ஆறுகளும் அல்பேர்ட்டாவின் எண்ணெய்போல் இயற்கை வளம்தான். ஆனால் எண்ணெய் உலக விலைக்கு விற்கப்பட்டு, அந்த விலைக்கேற்ற வருமானம் கொப்பியில் ஏறுகிறது. ஹைட்ரோ கியூபெக் என்ற அரசு நிறுவனம் உள்ளூர் வீடுகளுக்கு மிக மலிவாக மின்சாரம் கொடுக்கிறது. மலிவாகக் கொடுத்தால் இலாபம் குறைவு, இலாபம் குறைந்தால் வரித் திறன் குறைவாகத் தெரியும், கொடுப்பனவு கூடும். மனிட்டோபாவுக்கும் இதே சலுகை. விற்பனை வரியில் 'எடுத்திருக்கக்கூடிய' காசைக் கணக்குப் போடும் அதே கொப்பி, மின்சாரத்தில் 'எடுத்த' காசைத்தான் பார்க்கிறது. என்னைக் கேட்டால் மச்சான் தரப்பின் ஆகப் பலமான வாதம் இதுதான். அவர்கள் ஏனோ இதைக் குறைவாகச் சொல்கிறார்கள்.

அடுத்தது 2009 இல் போட்ட விதி. திட்டத்தின் மொத்தத் தொகை நாட்டின் பொருளாதாரம் வளரும் வேகத்திலேயே வளர வேண்டும். செலவு எகிறாமல் பிடிக்கப் போட்ட கூரை அது. ஆனால் அதுவே தரையாகவும் வேலை செய்கிறது. மாகாணங்களுக்கிடையிலான இடைவெளி சுருங்கினாலும் மொத்தம் வளர்ந்துகொண்டே போகும்.

காசு வாங்கும் எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு நியாயமான முறைப்பாடு உண்டு. கொப்பி வரவைத்தான் பார்க்கிறது, செலவைப் பார்ப்பதேயில்லை. நியூபவுண்ட்லாந்துக் கரையோரம் சிதறிக் கிடக்கும் குட்டிக் கிராமங்களுக்கு வைத்தியம் பார்க்க ஆகும் செலவும், மொன்றியல் நகரத்தில் ஆகும் செலவும் ஒன்றா? அவுஸ்திரேலியா இதையும் கணக்கில் எடுக்கிறது. எத்தனை முதியவர், எவ்வளவு தூரம், எத்தனை பள்ளிப் பிள்ளைகள் என்று அங்கே ஒரு ஆணைக்குழு இருந்து எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்த ஆணைக்குழு பிறந்த 1933 ஆம் வருடம்தான் மேற்கு அவுஸ்திரேலியா பிரிந்து போவோம் என்று வாக்களித்தது, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு. அவ்வளவு நுணுக்கமாக எண்ணியும் அங்கே இன்றுவரை சண்டை ஓயவில்லை.

மச்சான் கியூபெக்கை மட்டும் சொல்வதற்குக் காரணம் மொத்தத் தொகை. 2024-25 இல் பகிர்ந்த சுமார் 25.3 பில்லியனில் 13.3 பில்லியன் கியூபெக்குக்குப் போனது, பாதிக்கு மேல். ஆனால் அங்கே ஏறக்குறைய 90 லட்சம் பேர் இருக்கிறார்கள். தலைக்குப் பார்த்தால் 1,500 டொலர் அளவில்தான் வரும். பிரின்ஸ் எட்வேர்ட் தீவுக்குப் போனது வெறும் 610 மில்லியன். தலைக்கு 3,400 டொலருக்குக் கிட்ட. அந்தத் தீவைத் திட்டி ஒருவரும் வாக்குக் கேட்பதில்லை.

2021 ஒக்டோபரில் அல்பேர்ட்டாவில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. 36(2) ஐ நீக்க வேண்டும் என்று சுமார் 62% பேர் சொன்னார்கள். ஒன்றும் மாறவில்லை, ஒரு மாகாணம் தனியாக அரசியலமைப்பை மாற்ற முடியாது. வாக்கெடுப்பை நடத்திய முதல்வர் ஜேசன் கெனி, முன்பு ஒட்டாவாவில் ஸ்டீபன் ஹார்ப்பர் அரசில் அமைச்சராக இருந்தவர். இப்போதுள்ள சூத்திரத்தைப் போட்டது அந்த ஹார்ப்பர் அரசுதான்.

கொத்து ரொட்டி சாப்பிட்ட அன்று இரவு, 1957 இலிருந்து சில வருடங்கள் அல்பேர்ட்டாவும் வாங்கியதை மச்சானிடம் கைபேசியில் எடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "அது அந்தக் காலம்" என்றான். பிறகு, "உங்கட ஒன்ராறியோ?" என்று கேட்டான். நாங்களும்தான் வாங்கினோம். கார்த் தொழிற்சாலைகள் ஆட்டம் கண்ட 2009-10 இல் முதல் தடவையாக, 347 மில்லியன். அப்போது ஸ்காபரோவில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. அல்பேர்ட்டாவில் எல்லோரும் கதைத்திருப்பார்கள்.