மடகாஸ்கர் காட்டு மிளகு: தாளிக்க வாங்காதீர்கள்

இணையக் கடைகளில் 'வோட்சிபெரிஃபெரி' என்ற பெயரில் விற்கும் மடகாஸ்கர் காட்டு மிளகை வாங்குகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, அதை நம் குறுமிளகு மாதிரி காய்ந்த எண்ணெயில் போடுவது. அரை நிமிடத்தில் சமையலறை மணக்கும், குழம்பில் ஒன்றும் இருக்காது. கொடுத்த காசு புகையாகப் போய்விட்டது என்று அர்த்தம்.

காரணம் எளிது. குறுமிளகின் காரம் பைப்பெரின் என்ற பொருளில் இருக்கிறது. அது சூட்டைத் தாங்கும், அதனால்தான் நெய்யில் பொரித்தாலும் பொங்கலில் காரம் தங்குகிறது. இந்தக் காட்டு மிளகில் பைப்பெரின் குறைவு, ஆவியாகிப் போகும் நறுமண எண்ணெய் அதிகம். ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தால் முதலில் ஈர மண், மரப்பட்டை வாசம். அடுத்து எலுமிச்சைத் தோல், கொஞ்சம் பூ மணம். காரம் கடைசியில்தான் எட்டிப் பார்க்கும், வந்த வேகத்தில் போயும் விடும். காரத்துக்காக வாங்குகிறவருக்கு இது ஏமாற்றம்தான்.

மடகாஸ்கரின் கிழக்குப் பக்க மழைக்காடுகளில் தானாக வளரும் கொடி இது. தாவரவியல் பெயர் பைப்பர் போர்போனென்சே. குறுமிளகுக்கும் வால்மிளகுக்கும் இது ஒரே குடும்பத்து உறவு. பெரிய மரங்களைப் பற்றி இருபது மீட்டர் வரைகூட ஏறும், வெளிச்சம் படும் உச்சியில்தான் காய்க்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. உச்சிக்கு ஏறிப் பறிப்பது ஆபத்தான, மெதுவான வேலை. கொடியை அடியில் வெட்டி இழுத்துவிட்டால், சில சமயம் தாங்கும் மரத்தையே சாய்த்துவிட்டால், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கூலி எடைக்குத்தான் என்னும்போது எது நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தோட்டத்து மிளகுக் கொடியில் ஆண், பெண் இரண்டும் பெரும்பாலும் ஒரே பூவில் இருக்கும். இந்தக் காட்டுக் கொடியில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. காய் இருக்கும் கொடியை வெட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் பெண் கொடியையே வெட்டுகிறார். மிச்சம் நிற்கும் ஆண் கொடிகள் எத்தனை ஆண்டு நின்றாலும் ஒரு மணிகூடத் தராது. வெட்டிய கொடி துளிர்த்தாலும் மறுபடி உச்சி ஏறிக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். 2000களுக்குப் பிறகு பிரெஞ்சுச் சமையல்காரர்களிடம் இது பிரபலமாகி விலை ஏறியதும், ஊருக்குப் பக்கத்துக் காடுகளில் கொடி அருகி, பறிப்பவர்கள் உள்ளே உள்ளே போக வேண்டியதாயிற்று. கொடியை வளர்த்துப் பயிராக்கும் ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் கடைக்கு வருவது இன்னும் பெரும்பாலும் காட்டுச் சரக்கே. எனவே விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பகுதிச் சரக்கு? எந்த ஆண்டுப் பறிப்பு? கொடியை நிறுத்தி வைத்துப் பறித்ததா? 'ஆர்கானிக்' முத்திரை மூன்றாவது கேள்விக்குப் பதில் ஆகாது. அது முக்கியமாக உரமும் பூச்சிமருந்தும் பற்றிய பேச்சு.

அடையாளம் பார்க்கும்போது வாலை, அதாவது மணியோடு ஒட்டியிருக்கும் காம்பை, மட்டும் நம்பாதீர்கள். நாட்டு மருந்துக்கடை வால்மிளகுக்கும் வால் உண்டு, மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி மிளகுக்கும் உண்டு. வோட்சிபெரிஃபெரி மணி சிறியது, குறுமிளகில் பாதி அளவு இருக்கும், கருப்பிலிருந்து செம்பழுப்பு வரை நிறம் மாறும். வால்மிளகு அதைவிடப் பெரிது, சுருக்கம் அதிகம், பல மணிகளின் உட்பக்கம் வெற்றாக இருக்கும். சந்தேகம் வந்தால் ஒன்றை நசுக்கி முகருங்கள். கற்பூர நெடியும் நாக்கில் கசப்பும் வந்தால் அது வால்மிளகுதான். வால் மட்டும் தனியாக உதிர்ந்து பொட்டலத்தின் அடியில் குவிந்திருந்தால், எடைக்குக் குச்சியை வாங்குகிறீர்கள்.

பழுத்த மணிகளைப் பறித்துக் காய வைப்பதில்தான் தரம் பாதி தீர்மானமாகிறது. சுடுநீரில் சில நிமிடம் முக்கி எடுத்து, தரையில் படாமல் பாயிலோ சல்லடைத் தட்டிலோ மெல்லிய அடுக்காக உலர்த்த வேண்டும். ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். கிழக்கு மடகாஸ்கர் மழை ஓயாத பகுதி, அரைகுறையாகக் காய்ந்த சரக்கு அங்கே சகஜம். நகத்தால் அழுத்தினால் மணி நசுங்கக் கூடாது, உடைய வேண்டும். பழைய கோணி வாடை அடித்தால் திருப்பிக் கொடுங்கள். வறுத்துச் சரிசெய்யலாம் என்று பார்க்காதீர்கள், பூஞ்சை நச்சு வறுத்தால் முழுசாகப் போகாது.

சமையலில் இதற்கு இடம் அடுப்பை அணைத்த பிறகு. கையால் திருகி மிளகு அரைக்கும் கருவியில் போட்டால் வால் அதன் பல்லில் சுற்றிக்கொள்ளும். மிக்ஸியில் சூடேறி எண்ணெய் ஜாரின் சுவரில் ஒட்டிவிடும். சின்ன இடிகல்லில் ஒருவருக்கு ஆறேழு மணி, இரண்டு தட்டு, அவ்வளவுதான். வெண்ணெயில் வாட்டிய அன்னாசித் துண்டு, மாம்பழம், வாட்டி எடுத்துச் சற்று ஆறிய மீன் அல்லது வாத்துக்கறி, இவற்றின் மேல் தூவினால் அதன் குணம் முழுசாகத் தெரியும். ரசத்திலும் பொங்கலிலும் போட வேண்டாம். பெருங்காயமும் சீரகமும் அதை விழுங்கிவிடும், அங்கே குறுமிளகே ராஜா.

சாக்லேட்டோடு இது நன்றாகச் சேரும். 200 மில்லி கிரீமை ஓரத்தில் குமிழ் வரும் வரை மட்டும் சூடாக்கி இறக்குங்கள். இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி போட்டு 15 நிமிடம் மூடி வையுங்கள். வடிகட்டி, லேசாகச் சூடாக்கி, நறுக்கிய 200 கிராம் கருஞ்சாக்லேட்டின் மேல் ஊற்றிக் கலக்குங்கள். மிளகோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பூ மணம் பறந்துவிடும், வாலிலிருந்து மரக்கசப்பு இறங்கும். ஒரு மணி நேரம் ஊறவிட்டாலும் அதே கதி.

20 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் வாங்காதீர்கள். முழு மணியாக, மூடி இறுக்கமான கண்ணாடிக் குப்பியில், வெயில் படாமல் வைத்தால் ஒரு வருடம் தாங்கும். அதற்குப் பிறகு கெட்டுப்போகாது, ஆனால் மரத்தூள் வாசம்தான் மிஞ்சும். பொடியாக விற்பதை எந்த விலைக்கும் தொடாதீர்கள்.