நிரம்பியபடியே வீடு திரும்பும் தண்ணீர் பாட்டில்

"ஸ்கூலுக்குப் போவ மாட்டேங்கான் சார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா வயித்து வலி வந்துருது."

பாளையங்கோட்டையில் என் ஆலோசனை அறைக்கு வந்த அந்த அம்மா, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று ஒரு கட்டு காகிதம் வைத்திருந்தார். எல்லாம் நார்மல். போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார்: "காலைல நெறச்சுக் குடுத்துவிட்ட தண்ணி பாட்டில் அப்படியே திரும்பி வருது. இந்த வெயில்ல எப்படித்தான் இருக்கானோ!"

எனக்கு விஷயத்தைச் சொன்னது அந்த பாட்டில்தான். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். கழிப்பறை வாசலில் அவனைக் கேலி செய்கிறவர்கள் நிற்பார்கள். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பையன் பதினோராம் வகுப்பு. அம்மாவை வெளியே உட்காரவைத்த பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வாத்தியார் எதையாவது எண்ணிக்கொண்டே வந்து "எட்டு, ஒம்போது" என்பார். மொத்த வகுப்பும் திரும்பி இவனைப் பார்க்கும். இவனுடைய வருகைப்பதிவு எண்ணோ 23. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்த 'ஒம்போது' என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நடை கொஞ்சம் மென்மை, குரல் மெலிசு, கபடி ஆடப் போவதில்லை, குற்றம் அவ்வளவுதான். ஒருநாள் வாத்தியாரும் சேர்ந்து சிரித்தாராம். அதைச் சொல்லும்போதுதான் அழுதான்.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி வந்த ஒரு பையனிடம், "நடையைக் கொஞ்சம் மாத்திக்கோயேன்ப்பா, விட்டுருவாங்க" என்றேன். நல்லெண்ணத்தில்தான். அவன் அப்புறம் வரவேயில்லை. கேலி செய்தவர்கள் சொன்னதையே நான் ஃபீஸ் வாங்கிக்கொண்டு மரியாதையாகச் சொல்லியிருக்கிறேன் என்பது புரிய எனக்கு வெகுநாள் ஆனது.

"நீ அப்படியா?" என்ற கேள்வியையும் இப்போது கேட்பதில்லை. அவனுக்கே இன்னும் தெரியாமலிருக்கலாம். தெரிந்தும் சொல்ல மனமில்லாமலிருக்கலாம். கேலியை நிறுத்த அந்தப் பதில் எதற்கு? கேலிக்கு ஆளாகிற எல்லோரும் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், அதாவது தன் பாலினத்தவரையே விரும்புகிறவர்கள், இல்லை. அப்படி உள்ள இன்னொருவன் பின்பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தபடி உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருப்பான். அவன் என்னிடம் வரவே மாட்டான்.

பெண் பிள்ளைகளுக்கு இது சத்தமில்லாமல் நடக்கும். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரி கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொள்வாள். சாப்பாட்டு வரிசையில் இடைவெளி விழும். விஷயம் வீட்டுக்குப் போனால் செல்போன் பறிபோகும், சில வீடுகளில் பேயோட்ட கோடாங்கி வருவார், பல வீடுகளில் மாப்பிள்ளை பார்ப்பார்கள். "ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா சரியாயிரும்லா?" என்று கேட்ட ஒரு அப்பாவிடம், சரியாவதற்கு அங்கே ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று புரியவைக்க மூன்று சந்திப்புகள் ஆயின. அவர் அரசு ஊழியர். 1990-லேயே உலக சுகாதார அமைப்பு தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்றேன், அசையவில்லை. வயது வந்த ஒரே பாலினத்தவர் இருவர் விரும்பிச் சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

அவரை நிமிர்ந்து உட்காரவைத்தது நம் சென்னை உயர் நீதிமன்றம். மதுரையிலிருந்து வீட்டுக்குப் பயந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்களின் வழக்கு அது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் அமர்வுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம்தான் 2021 ஜூன் 7-இல் உத்தரவு எழுதினார். 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சொல்லும் சிகிச்சைகளுக்கு அதில் தடை விதித்தார். மறு வருடமே தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் சிகிச்சை செய்வது மருத்துவரின் தொழில் நடத்தை மீறல் என்றது. "ஜட்ஜையாவே கவுன்சிலிங் போனாவளா?" என்று அந்த அப்பா இரண்டு தடவை கேட்டார்.

பதினோராம் வகுப்புப் பையனுக்கு வருகிறேன். அவன் சம்மதத்தோடு தலைமையாசிரியரைப் பார்த்தேன். "பசங்க வெளையாட்டு சார்" என்றார். கழிப்பறையில் ஒருவன் அவன் உடம்பில் கைவைத்ததைச் சொன்னேன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளுக்கும் பொருந்தும், தெரிந்தும் புகார் சொல்லாமலிருப்பதே குற்றம் என்றதும் அவர் முகம் மாறியது. இடைவேளைகளில் கழிப்பறைப் பக்கம் ஓர் ஆசிரியர் நிற்க ஏற்பாடானது. கேலி முழுக்க நின்றுவிட்டதா? இல்லை. ஆனால் பக்கத்தில் உட்கார ஒரு நண்பன் கிடைத்திருக்கிறான். பாட்டில் இப்போது பாதி காலியாக வருகிறது.

இதைப் படிக்கிற தம்பி, தங்கச்சிக்கு: யார், எந்த நாள், என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வை. பெரியவர் ஒருவரிடம் சொல். அவர் சிரித்தால் இரண்டாமவரிடம் போ, மூன்றாமவரிடமும் போ. உனக்கு யாரைப் பிடிக்கும் என்பதை வீட்டில் இப்போதே சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அதற்கான நாளை நீயே முடிவு செய்துகொள்ளலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் இந்த நாற்பது முகங்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று சொல்ல மாட்டேன்.

வீட்டிலும் பள்ளியிலும் ஆளில்லை என்றால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண். செத்துவிடலாம் போல இருந்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்; ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்க வேண்டாம். "ஸ்கூல்ல என்னைக் கேலி பண்றாங்க" என்று ஆரம்பித்தால் போதும், மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.