இரண்டு ஆண்டுகளில் எது வெற்றி?

அமெரிக்காவின் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகளில் விளையாடும் ஆண்களும் பெண்களும் எதை வெற்றி என்று எண்ணுகிறார்கள்? இரண்டு பேரின் கதையோடு தொடங்குகிறேன். கூடைப்பந்து வீராங்கனை ஷெரில் ஸ்வூப்ஸ் டெக்சாஸ் மாநிலத்தின் பிரவுன்ஃபீல்டு என்ற சிற்றூரில் பிறந்தவர். பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தும் வீட்டைப் பிரிந்திருக்க முடியாமல் சில நாள்களிலேயே ஊர் திரும்பினார். பக்கத்தில் லெவலாண்டில் இருந்த சவுத் பிளெய்ன்ஸ் என்ற சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் கூடைப்பந்து ஆடினார். பிறகு டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1993 தேசிய இறுதிப் போட்டியில் தனியாக 47 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆட்டத்துக்குப் பின் சொந்த நாட்டில் அவருக்கு நிலையான தொழில்முறை லீக் இல்லை. பெண்களுக்கான தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. தன் முதல் ஆட்டத்தை நடத்தியது 1997இல்தான்.

ஆரன் ராட்ஜர்ஸும் இதேபோல் ஒரு சமுதாயக் கல்லூரியிலிருந்து வந்தவர். 2002இல் வட கலிபோர்னியாவின் பியூட் கல்லூரியில் ஒரு பருவம் அமெரிக்கக் கால்பந்து ஆடினார். அடுத்து பெர்க்லி பல்கலைக்கழகம். 2005இல், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றிலேயே அவரை எடுத்துக்கொண்டார்கள்.

சமுதாயக் கல்லூரி வீரர்களும் வீராங்கனைகளும் வெற்றியை ஏன் வெவ்வேறாக உணர்கிறார்கள் என்ற கேள்விக்கு, ஆண் மனம், பெண் மனம் என்று பேசத் தொடங்கும் முன் இந்த இரண்டு பாதைகளையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இருவரும் தொடங்கிய இடம் ஏறக்குறைய ஒன்றே. எதிரில் திறந்திருந்த கதவுகள் வேறு.

சமுதாயக் கல்லூரிகளில் படிப்பு இரண்டு ஆண்டு. கட்டணம் குறைவு, கேட்டவருக்குப் பெரும்பாலும் இடம் உண்டு. முடித்தால் அசோசியேட் பட்டம். விரும்பினால் நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். இவற்றுக்கான தேசிய விளையாட்டுச் சங்கம் 1938இல் உருவானது. பெண்களுக்கான பிரிவு அதில் 1975இல்தான் சேர்ந்தது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 'டைட்டில் நைன்' சட்டம் வந்து மூன்று ஆண்டுகள் கழித்து! இன்று இக்கல்லூரிகளின் மாணவர்களில் பத்துக்கு ஆறு பேர் அளவுக்குப் பெண்கள். விளையாட்டு அணிகளிலோ ஆண்களே அதிகம்.

மற்ற மாணவர்களிடமிருந்து அணியினரைப் பிரித்துக்காட்டும் விதி ஒன்று உண்டு. சமுதாயக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் வேலை பார்த்துக்கொண்டு பகுதி நேரமாகப் படிக்கிறார்கள். அணியில் ஆட வேண்டுமானால் முழு நேர மாணவராகப் பதிவு செய்ய வேண்டும். வழக்கமாக ஒரு படிப்புப் பருவத்துக்கு 12 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு). முழு நேரம் படிப்பவர் இடையில் நிற்பது குறைவு என்பதால், ஆட்டத்துக்காக வந்தவரையும் இந்த விதி படிப்புக்குள் இழுத்து வைக்கிறது. ஆண், பெண் இருவருக்கும் இது பொது. ஆனால் இதற்கு அவர்கள் கொடுக்கும் விலை ஒன்றாக இல்லை. பிள்ளை வளர்த்தபடி கல்லூரி செல்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்குக் காலைப் பயிற்சியும் 12 கிரெடிட்டும் சேர்ந்தால், பருவத்தை முடிப்பதே ஒரு சாதனை. தோற்ற ஆட்டங்களின் எண்ணிக்கை அவளுடைய கணக்கில் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது.

மனத்துக்குள் நடப்பதை அளக்கவும் வழிகள் உண்டு. விளையாட்டு உளவியலாளர் பிரித்தன் புரூவரும் அவருடைய சகாக்களும் 1993இல் ஒரு வினாத்தாளை அறிமுகப்படுத்தினார்கள். 'நான் ஒரு விளையாட்டு வீரர்' என்ற எண்ணம் ஒருவரின் சுய அடையாளத்தில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதை அது கேட்கிறது. அந்த எண்ணம் வலுவாக இருந்தால் பயிற்சியில் ஊக்கம் பெருகும். முழங்காலில் ஒரு காயம் வந்தாலோ அணியில் இடம் பறிபோனாலோ அதே வலிமை ஆளை உடைத்துவிடும். இதில் ஆண்களின் சராசரி பல முறை சற்றுக் கூடுதலாக வந்திருக்கிறது. இன்னொரு அளவீடு, ஜோன் டூடா, ஜான் நிக்கல்ஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் வளர்த்தது. எதை வெற்றி என்று நினைக்கிறீர்கள் என்று அது கேட்கிறது. பிறரை முந்துவதைச் சிலர் வெற்றி என்கிறார்கள். நேற்றைவிட இன்று நன்றாக ஆடுவதைச் சிலர் வெற்றி என்கிறார்கள். முதல் விடை சராசரியில் ஆண்களிடம் அதிகம். இவை சராசரிகள் மட்டுமே. இரு தரப்பும் பெரிதும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன.

என்னை மிகவும் யோசிக்க வைத்தவை வேறு இரண்டு ஆய்வுகள். சமூகவியலாளர்களான பாட்ரிசியா, பீட்டர் ஆட்லர் தம்பதியர் ஒரு பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணியுடன் பல ஆண்டுகள் நெருங்கிப் பழகி 1985இல் எழுதினார்கள். பட்டம் பெறும் ஆசையோடு வந்த இளைஞர்கள் பயணம், களைப்பு, புகழ் எல்லாம் சேர்ந்ததில் மெல்ல மெல்லப் படிப்பைக் கைவிட்டதை அதில் விவரித்தார்கள். ஆய்வாளர் பார்பரா மேயர் 1990இல் வீராங்கனைகளிடம் பேசியபோது ஓட்டம் எதிர்த்திசையில் இருந்தது: ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்கள் படிப்பில் கூடுதல் அக்கறை கொண்டார்கள். இரண்டு ஆய்வுகளுமே நான்காண்டுக் கல்லூரிகளில் நடந்தவை. ஆனாலும் அவை காட்டும் பொறிமுறை சமுதாயக் கல்லூரிக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். தொழில்முறை ஆட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாக ஓர் இளைஞனிடம் எல்லோரும் சொல்கிறார்கள். அவன் மணித்துளிகளை அங்கே முதலீடு செய்கிறான். அந்த வாக்குறுதி ஒரு பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. அவள் பட்டத்தைப் பிடித்துக்கொள்கிறாள். 2024இல்கூட டபிள்யூ.என்.பி.ஏ.வில் 12 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர். மொத்தம் 144 இடங்கள். ஆண்களுக்கான என்.பி.ஏ.வில் 30 அணிகள், அணிக்கு 15 பேர். அங்கேயும் பெரும்பாலான இளைஞர்களுக்கு இடம் கிடைக்கப் போவதில்லை. அதை அவர்களிடம் சொல்பவர்கள்தான் குறைவு. அந்த வகையில், வாய்ப்பு குறைந்த பெண்ணுக்கு முன்னதாகவே தெளிவு வந்துவிடுகிறது. அநியாயத்திலிருந்து பிறந்த தெளிவு அது. அதைப் பெண்ணின் இயல்பான பொறுப்புணர்வு என்று புகழ்வது எனக்கு உவப்பாக இல்லை.

நான்காண்டுப் படிப்பில் ஆட்டத்துக்கும் படிப்புக்கும் இடையே மனம் மாறக் காலம் இருக்கிறது. சமுதாயக் கல்லூரியிலோ முதல் ஆண்டு முடியும்போதே அடுத்த பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் கண்ணில் பட்டாக வேண்டும். அதனால்தான் வெற்றியை அளக்கும் முறையும் சிக்கலாகிறது. அமெரிக்கக் கூட்டரசின் (மத்திய அரசின்) கணக்கில் ஈராண்டுப் படிப்பை மூன்று ஆண்டுக்குள் முடித்தவரே பட்டதாரி. பட்டத்துக்கு முன்பே நல்ல பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்பவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார், அவருடைய கனவே அதுவாக இருந்தாலும். ஆட்டம் இரண்டாம் ஆண்டோடு முடிந்து, செவிலியர் படிப்பை நல்லபடியாக முடித்த பெண்ணை அந்தக் கணக்கு சேர்த்துக்கொள்ளும். ஆனால் அணியின் கோப்பை அலமாரியைப் பார்ப்பவருக்கு அவள் தெரியமாட்டாள். எனவே இக்கல்லூரிகளில் ஆய்வு செய்பவர்கள் முதலில் 'நீங்கள் இங்கே எதற்காக வந்தீர்கள்?' என்று கேட்க வேண்டும். அதே கேள்வியைக் கடைசிப் பருவத்தில் மறுபடியும் கேட்க வேண்டும். இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் ஆண், பெண் அனுபவங்கள் பிரியும் இடம் தெரியும்.