எல்லா ஜுரமும் பால் கட்டிய ஜுரம் அல்ல

"பால் கட்டியிருக்கு டாக்டர், அதான் ஜுரம்." பிரசவமாகி ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலோடு வரும் பெண்ணின் அம்மா இதைச் சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருவார். மகப்பேறு மருத்துவராக எனக்கு வயிற்றைக் கலக்கும் பேச்சு இது.

பால் கட்டினால் ஜுரம் வரும்தான். ஆனால் அது பெரும்பாலும் பால் சுரக்கத் தொடங்கும் முதல் சில நாட்களில் வரும், மார்பு கல் மாதிரி இருக்கும், பாலை எடுத்துவிட்டால் ஒரு நாளில் தணியும். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, தீட்டில் கெட்ட வாடை என்றால் கருப்பையில் கிருமித் தொற்றா என்று பார்த்தே ஆகவேண்டும். இந்த வாடை விஷயத்தை நாங்களாகக் கேட்டால்தான் பலர் சொல்கிறார்கள். அதுவும் அம்மாவை வெளியே அனுப்பிய பிறகு!

நஞ்சுக்கொடி பிரிந்த இடம் கருப்பைக்குள்ளே ஒரு பச்சைப் புண். சிசேரியன் என்றால் வெட்டுக்காயமும் சேர்ந்துகொள்கிறது, தொற்று அபாயம் பல மடங்கு. 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை முடித்து வரும் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். பிரசவ வார்டில் சாவு மளமளவென்று குறைந்தது. ஆனாலும் 2023-ல் கர்ப்பம், பிரசவம் தொடர்பாக உலகில் சுமார் 2,60,000 பெண்கள் இறந்திருக்கிறார்கள். 90 சதவீதத்துக்கு மேல் குறைந்த வருமான, கீழ் நடுத்தர வருமான நாடுகளில்தான். முக்கியக் காரணங்களில் தொற்றும் ஒன்று.

இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், பிரசவ வலியின்போது 2 கிராம் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஒரே வேளை கொடுத்ததில், தாய்க்கு செப்சிஸ் (தொற்று முற்றி உடல் உறுப்புகளையே பாதிக்கும் நிலை) அல்லது மரணம் 2.4 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. (இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் போய் வாங்காதீர்கள், அது பிரசவ அறையில் முடிவாக வேண்டியது.)

சென்னையில் இன்னொரு சிக்கல், மழைக்காலக் காய்ச்சல். தெருமுனை கிளினிக்கில் டெங்கு டெஸ்ட் எடுத்து, பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பிள்ளை பெற்று பத்து நாள் ஆகிறது என்று யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். மாத்திரையில் ஜுரம் இறங்கும், தொற்று இறங்காது. இளம் பெண்களுக்குக் கடைசிவரை பிரஷர்கூட நன்றாகவே இருக்கும், பிறகு சட்டென்று சரியும். மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். கேஷுவால்டியில் ஜுரம் என்பதற்கு முன்னால் பிரசவத் தேதியைச் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு கொண்டுபோங்கள். பிரசவமாகி 42 நாள் வரை இதே கதைதான்.